வர்க்கம் 360ஆல் வகுபட்டால் எண் ஏன் 60ஆல் வகுபட வேண்டும்? 180 ஏன் இல்லை?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஒரு முழுவின் வர்க்கம் 360ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது. அப்படியானால் அந்த முழு கட்டாயமாக வகுபட வேண்டிய மிகப்பெரிய எண் எது? விடைக்குறிப்பில் 60 என்று இருக்கிறது. நீங்கள் 180ஐப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். 180இன் வர்க்கம் 32,400, அது 360இன் 90 மடங்கு, சரியாக வகுபடுகிறது. 180 இருக்கும்போது 60 எப்படி மிகப்பெரியதாகும் என்பது உங்கள் சந்தேகம். சூத்திரம் வேண்டாம், காரணம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில், வர்க்கத்துக்குப் பதிலாகக் கனம் என்று கேட்டால் என்ன செய்வது என்று ஒரு துணைக் கேள்வியும் இருக்கிறது.

நான் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே கடலோரத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் 27 வருடம் கணக்கு எடுத்தவன். போட்டித் தேர்வுப் பயிற்சி எனக்குப் பழக்கமில்லை. கணக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன். உங்கள் 180 எனக்குப் பழைய ஆள்தான். பத்தாம் வகுப்பில் யாராவது ஒருவர் எழுந்து அதைச் சொல்லாமல் இந்தப் பாடம் முடிந்ததாக எனக்கு நினைவில்லை. சொல்கிறவர் பெரும்பாலும் நன்றாக யோசிக்கிற பிள்ளையாக இருப்பார். மற்றவர்கள் எதையும் போட்டே பார்ப்பதில்லை.

சிக்கல் முழுவதும் ‘கட்டாயம்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. வர்க்கம் 360ஆல் வகுபடுகிற எண்கள் எண்ணற்றவை. அந்தக் கூட்டத்தில் 180 ஒரு ஆள், அவ்வளவுதான். கேள்வி அந்தக் கூட்டத்தில் உள்ள அத்தனை பேருக்கும் பொதுவானது எது என்பது. இப்போது 60ஐப் போட்டுப் பாருங்கள். வர்க்கம் 3,600, அது 360இன் 10 மடங்கு. ஆக 60ம் கூட்டத்தில் ஒரு ஆள். ஆனால் 60ஐ 180ஆல் வகுக்க முடியாது. 180க்கு அதோடு கணக்குத் தீர்ந்தது. இன்னொன்றையும் இங்கேயே கவனியுங்கள்: எல்லாருக்கும் பொதுவான வகுத்தி என்றால் அது 60ஐயும் வகுத்தாக வேண்டும், ஆகவே 60ஐத் தாண்டவே முடியாது. பாதி விடை இப்படிச் சும்மா கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் உழைப்பு வேண்டும்: கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணும் 60ஆல் வகுபடும் என்று எப்படிச் சொல்வது? 120, 180, 240 என்று போட்டுக்கொண்டே போகலாம். ஆயிரம் எண்ணுக்குச் சரியாக வந்தாலும் ஆயிரத்தோராவது எண் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் பகாக் காரணிகள்.

360ஐப் பிரித்தால் 2×2×2×3×3×5, அதாவது 2³×3²×5. (போகிற போக்கில் ஒன்று: 60, 180, 360 மூன்றுமே தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்டவை, முறையே 12, 18, 24. இப்படிப்பட்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு இவற்றின் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்பதற்கும் அதுதான் காரணம்.)

இனி எங்கள் கரைக்கு வாருங்கள். நண்டு வலை போட்ட நாட்டுப்படகு கரைக்கு வந்ததும் வலையைப் பிரிப்பார்கள். நண்டு வலை என்று பேர்தானே தவிர, இறால், கணவாய், சூடை, காரல் எல்லாம் அதில் கிடக்கும். வகை வகையாகப் பிரித்துத் தனித்தனிக் கூடையில் போடுவார்கள். ஒரு வியாபாரி வந்து 3 கூடை நண்டு, 2 கூடை இறால், 1 கூடை கணவாய் வேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இறால் ஒரு கூடைதான் இருக்கிறது, ஆனால் நண்டு பத்துக் கூடை கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் கேட்பாரா? நண்டுக் கணக்கு தனி, இறால் கணக்கு தனி. கேட்காத சூடை நாலு கூடை கூடுதலாக இருந்தால் அவருக்கு அதனால் நஷ்டமும் இல்லை. வகுபடுதல் என்பது இவ்வளவுதான். 2 என்பது நண்டு, 3 என்பது இறால், 5 என்பது கணவாய். ஓர் எண் 360ஆல் வகுபடுகிறது என்றால், அந்த எண்ணுக்குள் 2 குறைந்தது மூன்று முறை, 3 குறைந்தது இரண்டு முறை, 5 குறைந்தது ஒரு முறை இருக்கிறது என்று பொருள். 7ம் 11ம் எத்தனை இருந்தாலும் கவலையில்லை.

வர்க்கம் எடுப்பது என்ன? அச்சு அசலாக ஒரே அளவு மீன் பிடித்த இரண்டு படகுகளின் கூடைகளை ஒன்றாக இறக்கி வைப்பது. இரண்டு படகும் சேர்ந்து வியாபாரி கேட்டதைக் கொடுத்துவிட்டன என்பது உங்கள் கணக்கில் தரப்பட்ட செய்தி. ஒரு படகில் குறைந்தது என்ன இருந்திருக்கும்? நண்டைப் பாருங்கள். படகுக்கு ஒரு கூடை என்றால் மொத்தம் 2தான், வியாபாரி கேட்டது 3, போதாது. ஒன்றரைக் கூடை என்ற பேச்சே இங்கே இல்லை, 2 என்ற பகா எண் ஒன்றரை முறை வர முடியாது. ஆகவே படகுக்கு 2 கூடையாவது இருந்திருக்க வேண்டும். இறால் மொத்தம் 2 வேண்டும், படகுக்கு ஒன்று போதும். கணவாய் மொத்தம் ஒன்றுதான் வேண்டும். ஆனால் இரண்டு படகும் ஒரே மாதிரி என்பதால் ஒரு படகில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போக வழியில்லை, படகுக்கு ஒன்று. சேர்த்துப் பெருக்குங்கள்: 2²×3×5 = 60. எந்த எண் கூட்டத்துக்குள் வந்தாலும் இந்தக் கூடைகள் அதில் இருந்தே தீர வேண்டும்.

உங்கள் 180ஐ இப்போது திறந்து பாருங்கள்: 2²×3²×5. இறால் ஒரு கூடை தேவைக்கு மேல் இருக்கிறது. அது தற்செயலாகச் சிக்கியது, கட்டாயம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை முதல்முதலாக வகுப்பில் சொன்ன அன்று ஒரு மாணவி எழுந்து, “சார், ரெண்டு படகுக்கு ஒரே மாதிரி எப்பவுமே மீன் படாது” என்றாள். அவள் அப்பா நண்டு வலைக்காரர். கணக்கில் மட்டும்தான் படும் என்று சொல்லி உட்காரவைத்தேன்.

ஆனால் மேலே சொன்னதில் ஒரு விஷயத்தை நான் சத்தமில்லாமல் கடத்திவிட்டேன். நியாயமாக நீங்கள் அதைப் பிடித்திருக்க வேண்டும். ஓர் எண்ணை யார் பிரித்தாலும், எப்படிப் பிரித்தாலும் கூடைகளின் எண்ணிக்கை ஒன்றாகவே வரும் என்று நம்பித்தான் இத்தனையும் சொன்னேன். 360ஐ 36×10 என்று தொடங்கிக் காரணிச் செடி போடலாம், 18×20 என்றும் தொடங்கலாம். அடியில் வந்து நிற்பது ஒரே பட்டியல். பழகிப் போனதால் இதில் ஆச்சரியம் தெரிவதில்லை. இப்படி நடக்காத ஓர் இடத்தைக் காட்டுகிறேன், அப்போது தெரியும். சோடியாக மட்டுமே விற்கும் ஒரு கடை. அங்கே 2, 4, 6, 8 என்ற இரட்டை எண்கள் மட்டுமே உண்டு, ஒற்றை எண் என்று ஒன்று இருப்பதே கடைக்காரருக்குத் தெரியாது. இரண்டு இரட்டை எண்களின் பெருக்கலாக எழுத முடியாதவைதான் அந்தக் கடையின் பகா எண்கள்: 2, 6, 10, 14, 18 என்று போகும். இப்போது 36ஐப் பிரியுங்கள். 6×6 என்றும் பிரியும், 2×18 என்றும் பிரியும். இரண்டு பட்டியலிலும் உள்ளவை அங்கே மேற்கொண்டு உடையாதவை. ஒரே எண், இரண்டு பட்டியல்! விளைவையும் பாருங்கள்: 6இன் வர்க்கமான 36 அந்தக் கடையில் 2ஆல் வகுபடுகிறது, ஈவு 18. ஆனால் 6 அங்கே 2ஆல் வகுபடாது, ஏனென்றால் ஈவாக வர வேண்டிய 3 அந்தக் கடையில் இல்லை. நாம் சற்று முன் செய்த கூடைக் கணக்கு அங்கே செல்லாது.

நம் எண்களில் அது செல்லும் என்பதற்கு உறுதியான நிரூபணம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடத்தில் அடிப்படை எண்ணியல் தேற்றம் என்று வருமே, அதேதான். அதன் உயிர்நாடியான செய்தியை சுமார் கி.மு. 300இல் யூக்ளிட் எழுதிவைத்தார்: ஒரு பகா எண் ஒரு பெருக்கலை வகுத்தால், பெருக்கப்பட்ட எண்களில் ஒன்றையாவது அது வகுக்கும். பட்டியல் ஒன்றே ஒன்றுதான் என்பதைத் தெளிவாகச் சொல்லி நிறுவியவர் ஜெர்மானியக் கணித மேதை காஸ், 1801இல். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டில் காட்டலாம். 12ஐ ஏதோ ஒரு முழு ‘அ’ என்பதோடு பெருக்கினால் 5ஆல் வகுபடுகிறது என்போம். 12ம் 5ம் சார்பகா எண்கள் (1ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாதவை) என்பதால் 1ஐ இவற்றைக் கொண்டே உருவாக்கலாம்: 5×5 − 2×12 = 1. இரண்டு பக்கத்தையும் ‘அ’வால் பெருக்குங்கள். இடப்பக்கத்தின் முதல் உறுப்பில் 5 கண்ணுக்கே தெரிகிறது. இரண்டாவதில் 12×அ இருக்கிறது, அது 5ஆல் வகுபடும் என்பது நமக்குத் தரப்பட்டது. ஆகவே கழித்து வருகிற ‘அ’வும் 5ஆல் வகுபட்டே ஆக வேண்டும். 12க்குப் பதில் 5ஆல் வகுபடாத எந்த எண் வந்தாலும், 5க்குப் பதில் எந்தப் பகா எண் வந்தாலும், இதே வழி செல்லும். சோடிக் கடையில் 1 என்ற எண்ணே இல்லை, அதனால்தான் இந்த வழி அங்கே அடைபட்டது.

இதுவரை சொன்னது சந்தேகத்துக்கு இடமில்லாதது. கேள்வியின் வாசகத்தைப் பற்றி இனிச் சொல்வதில் கொஞ்சம் ஊகம் உண்டு. நம் பாடநூல் வழக்கில் முழு எண்கள் என்றால் 0, 1, 2 என்று போவது, முழுக்கள் என்றால் குறை எண்களும் சேர்ந்தது. நீங்கள் ‘முழு’ என்று எழுதியிருப்பதால் −60ம் கூட்டத்தில் உண்டு. குறியால் வகுபடுவதில் மாற்றமில்லை. 0ம் உண்டு. 0க்குப் பகாக் காரணிகளாக விரிவு கிடையாது, கூடைக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆனால் 0ஐ 60ஆல் வகுத்தால் மீதி இல்லை, ஆகவே விடை உடையவில்லை. இதே கணக்கில் ‘மிகச்சிறிய எண் எது’ என்று கேட்டிருந்தால் மட்டும் 0 தகராறு செய்யும், அங்கே மிகை முழு என்று சொல்லியிருக்க வேண்டும். மூலக் கேள்வித்தாளில் ‘கட்டாயம்’ என்ற சொல்லே இல்லாமல் வெறுமனே ‘எதனால் வகுபடும்’ என்று இருந்திருந்தால் அது அரைகுறைக் கேள்வி. அப்போதும் அவர்கள் எதிர்பார்த்தது 60ஆகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் திரும்பத் திரும்ப விழும் குழி ஒன்று உண்டு. 4ஆலும் 6ஆலும் வகுபடும் எண் 24ஆல் வகுபடும் என்பார்கள். 12 வகுபடுகிறதா? இல்லை. கரையில் இது நன்றாகவே தெரிந்த தில்லுமுல்லு: ஒரே நண்டுக் கூடையை இரண்டு வியாபாரிகளிடம் காட்டுவது. 4 கேட்பது இரண்டு நண்டுக் கூடை. 6 கேட்பது ஒரு நண்டு, ஒரு இறால். இரண்டு நண்டுக் கூடையும் ஒரு இறால் கூடையும் வைத்திருப்பவர் தனித்தனியாக இருவரையும் திருப்திப்படுத்தலாம், ஆனால் 24 கேட்கும் மூன்றாவது நண்டுக் கூடை எங்கே? ஆகவே 72ஆல் வகுபடுமா என்று பார்க்க 6ஐயும் 12ஐயும் சோதிக்காதீர்கள், 36 உங்களை ஏமாற்றிவிடும். 8ஐயும் 9ஐயும் சோதியுங்கள். ஒன்றில் நண்டு மட்டும், மற்றதில் இறால் மட்டும். பொதுக் கூடை இல்லை.

இன்னொரு குழி, தனியாக நிற்கும் பெரிய பகா எண். ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் 1,212 தூண்கள் என்பார்கள். அதை வைத்து ஒரு கணக்குப் போடுவேன்: ஒரு முழுவின் வர்க்கம் 1,212ஆல் வகுபட்டால் அந்த முழு கட்டாயம் எதனால் வகுபடும்? 1,212 = 2²×3×101. பாதிப் பேர் 101 ஒன்றுதானே, சோடி இல்லையே என்று அதை விட்டுவிட்டு 6 என்று எழுதுவார்கள். 5 என்ற ஒற்றைக் கணவாய்க் கூடைக்கு நடந்ததுதான் 101க்கும் நடக்கும். விடை 2×3×101 = 606.

பகாக் காரணி எங்கே பாதி வழி மட்டும் கூட வரும் என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் முன்பு 45 நாள் இருந்தது, இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 45ஐ 3²×5 என்று பிரிக்கலாம், 61 பகா எண். ஜூனில் பள்ளி திறக்கும்போது விசைப்படகெல்லாம் இன்னும் கட்டித்தான் கிடக்கும். முதல் வகுப்பில் கரும்பலகையில் 61 என்று எழுதி, இதன் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால் 24ஆல் வகுபடும், ஏன் என்று கேட்பேன். 3,721இல் 1 போக 3,720, அது 24×155. காரணம்: 3,720 என்பது 60×62. அடுத்தடுத்த 60, 61, 62இல் ஒன்று 3இன் மடங்கு, 61 பகா எண் என்பதால் அது இல்லை, ஆகவே மற்ற இரண்டில் ஒன்று. இரண்டும் இரட்டை எண்கள், அடுத்தடுத்த இரட்டைகளில் ஒன்று 4இன் மடங்கு, ஆகவே பெருக்கலில் 8 இருக்கிறது. 8ம் 3ம் சார்பகா, எனவே 24. 3ஐவிடப் பெரிய எந்தப் பகா எண்ணுக்கும் இது பொருந்தும். இதில் 24ஐ 8×3 என்று பிரித்தது எதைத் தேட வேண்டும் என்று காட்டியது. தேடிக் கொடுத்தது அடுத்தடுத்த எண்களைப் பற்றிய யோசனை.

கூட்டல் வந்தால் இந்த முறை கைவிடும். 360இன் காரணிகள் உங்களுக்கு மனப்பாடம். அதோடு 1ஐக் கூட்டினால் 361, அது 19×19. பழைய கூடை ஒன்றுகூட மிச்சமில்லை. பெருக்கலும் அடுக்கும் இருக்கும் இடத்தில்தான் இந்த முறையின் ஆட்சி. பிரிக்கவே சிரமமான எண் வந்தாலும் மல்லுக்கட்ட வேண்டாம். 1,147 பகா எண்ணா என்று கேட்டால் 7, 11, 13 பார்த்துவிட்டு ‘ஆம்’ என்று எழுதும் அவசரக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். 37இன் வர்க்கம் 1,369 என்பதால் 31 வரை உள்ள பகா எண்களைச் சோதிக்க வேண்டும், கடைசியாகச் சோதிக்கும் அந்த 31இல்தான் மாட்டும்: 31×37. 1,147, 1,333 இரண்டுக்கும் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) கேட்டால் நான் பிரிக்கவே மாட்டேன். 1,333இல் 1,147 போக 186. 1,147ஐ 186ஆல் வகுத்தால் மீதி 31. 186ஐ 31 மீதியின்றி வகுக்கும். விடை 31, மூன்று வரி. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண்களைப் பிரிப்பது கணினிக்கே பெரும்பாடு. 250 இலக்க எண் ஒன்றை 2020இல்தான் பிரித்தார்கள், அதற்கே ஏராளமான கணினிகளின் உழைப்பு தேவைப்பட்டது. அது என் பள்ளிக்கூட எல்லைக்கு அப்பாற்பட்டது.

அப்புறம், கனத்தைப் பற்றிய உங்கள் துணைக் கேள்வி. இரண்டு படகுக்குப் பதில் ஒரே மாதிரியான மூன்று படகுகள். 360க்கு நண்டு 3 கூடை, படகுக்கு ஒன்று சரியாகப் போதும். இறால் 2, படகுக்கு ஒன்று. கணவாய் 1, அப்போதும் படகுக்கு ஒன்று. ஆகவே 2×3×5 = 30. 30இன் கனம் 27,000, அது 360×75. இதையே 720 என்று மாற்றினால் நண்டு 4 கூடை ஆகிறது, படகுக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். விடை 60க்கு ஏறிவிடும். 30ஐயே போட்டுப் பாருங்கள்: 27,000ஐ 720ஆல் வகுத்தால் 37.5 வருகிறது. அந்தப் புள்ளி ஐந்து, குறைந்துபோன ஒரு நண்டுக் கூடை.